மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நான் பார்க்கும் பிள்ளைகள்

வலி மாத்திரை கேட்டு வரும் பையன்களில் சிலர் மாத்திரையின் பெயரை வாயால் சொல்வதில்லை. செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கும் அட்டையைக் காட்டுவார்கள். “யாருக்குப்பா?” என்று கேட்டால் “பாட்டிக்கு” என்பார்கள். பாட்டிக்கு என்ன வலி, எந்த டாக்டர், சீட்டு எங்கே என்று அடுத்தடுத்துக் கேட்டால், “வீட்ல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்” என்று போவார்கள். திரும்பி வருவதில்லை. இன்னும் சிலருக்கு இன்சுலின் சிரிஞ்சு மட்டும் வேண்டும், இன்சுலின் வேண்டாம். மேலே டி-ஷர்ட் மாட்டியிருப்பார்கள். கீழே பள்ளிக்கூடப் பேன்ட் அப்படியே இருக்கும்.

பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் முடித்து, கல்யாணமாகி வந்த ஊர் இது. இருபது வருஷத்துக்கு மேலாக இதே கவுன்டர்தான். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. சின்ன ஊர், பெயரைச் சொன்னால் எந்த வீடு, யார் பிள்ளை என்று நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் இனிமேல்தான் வாழப்போகிறார்கள். சில அடையாளங்களையும் அதற்காகவே மாற்றியிருக்கிறேன்.

போதை என்றால் வாடை வரும், நடை தள்ளாடும், வாய் குழறும் என்றுதான் பெற்றோர் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாராயத்தைப் பார்த்துப் பழகிய கணக்கு அது. இப்போது பிள்ளைகள் கையில் புழங்குகிற பலவற்றுக்கு வாடையே கிடையாது. மலச்சிக்கல், அரிப்பு, அடிக்கடி பிடிக்கிற சளி என்று சாதாரணத் தொந்தரவுகளாகத்தான் அவை வீட்டுக்குள் தலைகாட்டுகின்றன. நாமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

ஓர் அம்மாவைச் சொல்கிறேன். தையல் வேலை செய்பவர். பையன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. முதலில் வந்து, “அக்கா, தம்பிக்கு நாலு நாளா வெளிய போகல, ஏதாச்சும் குடுங்க” என்றார். சிரப் கொடுத்தேன். பிறகு ஒருநாள் உடம்பெல்லாம், முக்கியமாக மூக்கைச் சுற்றி, சொறிந்துகொண்டே இருக்கிறான் என்று அரிப்பு மாத்திரை. கொஞ்ச நாள் கழித்து சளி. மூக்கில் தண்ணீராக ஊற்றுகிறது, காய்ச்சல் இல்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பேதிக்கு மாத்திரையும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் தைலமும் ஒன்றாகக் கேட்டார். கால் ரெண்டும் முறிகிற மாதிரி வலிக்கிறதாம், ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தானாம்.

தைலத்தை எடுக்கப்போன நான் நின்றுவிட்டேன். “கொட்டாவி விடுறானா?” என்று கேட்டேன்.

“ஓயாம விடுறாங்க்கா. ஆனா தூக்கம் வரலங்கிறான். கையெல்லாம் புல்லரிச்சுக் கெடக்கு.”

அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகள் குடலின் ஓட்டத்தைக் குறைக்கும், மலம் கட்டும். கண்ணின் பாப்பாவைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கும். தோலில் அரிப்பைக் கிளப்பும். சோற்றுத் தட்டின் முன்னாலேயே தலை தொங்கும்; கூப்பிட்டால் நிமிர்ந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி தொங்கும். உடம்பு அதற்குப் பழகிய பிறகு மருந்து கிடைக்காமல் போனால் எல்லாம் தலைகீழாகத் திரும்பும். கட்டிய வயிறு பேதியாகும், பாப்பா விரியும், மூக்கும் கண்ணும் ஒழுகும், மயிர்க்கால் குத்திட்டு நிற்கும், கால் குடையும், கொட்டாவி வந்துகொண்டே இருக்கும். மருந்து உள்ளே இருந்தால் ஒரு நோய், இல்லாவிட்டால் அதற்கு நேர் எதிரான இன்னொரு நோய். அந்த அம்மா வாங்கிப் போனவற்றை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் நடந்தது அப்படியே தெரிந்தது.

நான் டாக்டர் இல்லை. இது இன்னதுதான் என்று சொல்கிற உரிமை எனக்குக் கிடையாது. அவரை உள்ளே உட்காரவைத்து, “பையனோட பையி, ஜாமெட்ரி பாக்ஸ், பீரோ மேல எங்கயாச்சும் மாத்திரை அட்டை இருக்கான்னு பாருங்கம்மா. இருந்தா எடுத்துட்டு வாங்க. அவன்கிட்ட இப்போதைக்குச் சத்தம் போடாதீங்க” என்றேன். சாயங்காலமே கொண்டுவந்தார். பின்னட்டையில் டேப்பென்டடால் என்று இருந்தது. கேட்டரிங் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் தூக்கப் போனவனுக்கு, உடம்பு வலிக்கு நல்லது என்று கூட வேலைபார்த்த ஒருவன் கொடுத்ததில் ஆரம்பித்திருக்கிறது.

டேப்பென்டடால் நல்ல மருந்து. ஆபரேஷன் ஆனவர்களுக்கும், தாங்க முடியாத நரம்பு வலியில் இருப்பவர்களுக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள். அதே அட்டைதான் தமிழ்நாட்டில் போலீஸ் பிடித்ததாகப் பத்திரிகையில் வரும் ‘போதை மாத்திரை’ச் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை தூக்க மாத்திரையான நைட்ரஸெபாம், நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், கோடீன் கலந்த இருமல் சிரப். அட்டையின் மூலையில் சிவப்பு நிறத்தில் என்.ஆர்.எக்ஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வரும் மருந்து. உங்கள் வீட்டில் யாருக்கும் எழுதப்படாத அப்படி ஓர் அட்டை பிள்ளையின் பையில் இருந்தால், “ஃப்ரெண்டோடது” என்ற பதிலோடு விட்டுவிடக் கூடாது. காலி அட்டைகூட சாட்சிதான்.

வாயில் போடுவதில் ஆரம்பித்தவர்கள் சிலர் ஊசிக்குப் போய்விடுகிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. அதைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிற மாவும் பசையும் இருக்கின்றன. அவை கரைவதில்லை. ரத்தக் குழாயை அடைக்கும், சீழ் கட்டும், விரலையோ கையையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். ஒரே ஊசியை மூன்று பேர் மாற்றிக்கொண்டால் ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும் வரலாம். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளையின் முழங்கை மடிப்பை ஒருமுறை பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். அந்தச் சாக்கில் பார்த்துவிடலாம்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2014-லிருந்து எச்-1 என்ற பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் ஒழுங்காகச் செய்கிறோம். சீட்டில்லாமல், அச்சிட்ட விலைக்குப் பல மடங்கு வாங்கிக்கொண்டு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விற்பது மருந்தே இல்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டாக்டர் சொல்லாமல் போதைப்பொருளைக் கொடுத்தால், 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகையிலைக்கும் இதே பிரிவுதான். பெட்டிக்கடைக்காரர்களில் பலருக்கு இது தெரியாது.

புகையிலை என்றதும் கூல் லிப்புக்கு வந்துவிடுகிறேன். சின்ன டப்பாவில் வரும் பொட்டலம். கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். புகை இல்லை, டீச்சருக்குத் தெரியாது. குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013-லேயே தமிழ்நாடு தடை போட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இது இவ்வளவு பரவிவிட்டதே என்று 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலைப்பட்டு, நாடு முழுக்கத் தடை செய்வதைப் பற்றி மத்திய அரசைக் கேட்டது. என் கடையில் இதன் அடையாளம் வாய்ப்புண் ஜெல். ஒரே பையன் மாதாமாதம் வாங்குவான். உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தால், ஈறை ஒட்டி வெளுத்துச் சுருங்கிய திட்டு இருக்கும். பிள்ளை வாயைச் சரியாகத் திறக்காமல் பேசினால், கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினால், எழுந்து எழுந்து போய்த் துப்பினால் கேளுங்கள்.

கஞ்சாவுக்கு என் கடையில் வாங்குவது கண் சொட்டு மருந்து. கண் வெள்ளை சிவந்துவிடும்; வீட்டுக்குப் போகுமுன் அதைத் தெளியவைக்க வேண்டும். வாய் வறண்டு தண்ணீர் தண்ணீர் என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு வந்து இருக்கிற சோற்றையெல்லாம் வழித்துச் சாப்பிடுவார்கள். காரணமில்லாமல் சிரிப்பு, நேரம் போவது தெரியாத மந்தம், நேற்றுச் சொன்னது இன்று ஞாபகமில்லை. அறையில் திடீரென்று ஊதுபத்தியும் பாடி ஸ்பிரேயும் அதிகமாகும். சட்டைப் பையில் மெல்லிய வெள்ளைத் தாள்கள் கிடக்கும். கொஞ்ச வயதிலேயே தொடங்கி விடாமல் இழுக்கிற சிலருக்கு, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள், தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற பயம் வந்துவிடும். காதில் குரல் கேட்கிறது என்பார்கள். அந்த இடத்தில் மந்திரிக்கப் போவதில் ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம். மனநல மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

மெத் என்கிற மாத்திரையும் தூளும் பெரிய நகரங்களில்தான் அதிகம் பேசப்படுகின்றன. அதில் பாப்பா விரியும்; இரண்டு மூன்று நாள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் படபடவென்று பேசிக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் ஒரு பகல் முழுக்கப் பிணம் மாதிரித் தூங்குவார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறோர் ஆபத்து இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் எடுத்து 2019-ல் வெளிவந்த தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதிகம் பயன்படுத்துவதாகத் தெரிந்த போதை ஒன்றே ஒன்றுதான்: முகர்வது. 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், தின்னர், ஒயிட்னர் எல்லாம் இதில் அடங்கும். எதற்கும் சீட்டு வேண்டாம், கடைக்காரர் சந்தேகப்படவும் மாட்டார். கைக்குட்டையில் ரசாயன வாடை, மூக்கையும் வாயையும் சுற்றிப் புண், சட்டைக் கையில் பிசின் கறை ஆகியவற்றைப் பாருங்கள். முதல் தடவை முகரும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகவும் வாய்ப்புண்டு. ‘சின்னப் பையன், ஏதோ விளையாட்டு’ என்று இதை விட்டுவிட முடியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு இன்றைக்கே பிள்ளையைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்தால் நான் எழுதியது வீண். பதினைந்து வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொள்வது இயல்பு. எரிந்து விழுவதும் இயல்பு. சோர்வுக்கு ரத்தச் சோகை காரணமாக இருக்கலாம், தைராய்டு இருக்கலாம். தூக்கம் கெட்டதற்குச் செல்போன் விளையாட்டு போதும். பள்ளியில் யாராவது வம்புக்கு இழுத்தாலும், காதல் தோல்வியானாலும், மனச்சோர்வு நோய் வந்தாலும் படிப்பு இறங்கும், சாப்பாடு குறையும். ஒற்றை அறிகுறியை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, உடம்பில் ஒரு மாற்றம், பழக்கத்தில் ஒரு மாற்றம், காசில் ஒரு மாற்றம் மூன்றும் சில வாரத்துக்குள் சேர்ந்து வருகிறதா? இரண்டு, அவனுக்கு உயிராக இருந்தது எதையாவது விட்டுவிட்டானா? கபடி டீமில் இருந்தவன் மைதானம் பக்கமே போவதில்லை. சின்ன வயதிலிருந்து கூட வந்த சிநேகிதன் இப்போது வீட்டுக்கு வருவதில்லை, கேட்டால் “அவன் சரியில்ல” என்கிறான். புதிய சிநேகிதர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார்களே தவிர உள்ளே வருவதில்லை. இது எனக்குக் கண் சிவப்பதைவிடப் பெரிய அறிகுறி. காசு விஷயத்தில் முன்பெல்லாம் பித்தளைக் குடம் காணாமல் போகும். இப்போது உங்கள் போனிலிருந்தே தெரியாத ஒரு நம்பருக்கு நூறும் இருநூறுமாக ஜிபே போயிருக்கும். மாதம் ஒருமுறை அந்தக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள்.

சில அப்பாக்கள் சிறுநீர் பரிசோதனை கிட் கேட்டு வருகிறார்கள், பிள்ளைக்குத் தெரியாமல் செய்து பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்றே சொல்கிறேன். விடாமல் கஞ்சா இழுத்தவனுக்கு விட்ட பிறகும் சில வாரம் வரை காட்டிக்கொண்டிருக்கும். டேப்பென்டடால் மாதிரி மாத்திரைகளைச் சாதாரண கிட் பெரும்பாலும் கண்டுபிடிக்காது. திருந்திக்கொண்டிருக்கிறவனைத் திருடன் என்றும், மாட்டியிருக்கிறவனை நல்லவன் என்றும் சொல்லிவிடும். அதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை இன்னும் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான் நடக்கும். போதையில் இருக்கும்போது பேசவும் வேண்டாம், ஏறாது. மறுநாள், அக்கம்பக்கம் இல்லாத நேரத்தில், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “ரெண்டு மாசமா நீ சரியாச் சாப்பிடல, தூங்கல. பீரோ மேல இந்த அட்டை இருந்துச்சு. திட்டுறதுக்காகக் கேக்கல. என்னன்னு சொல்லு, சேந்து பாத்துக்கலாம்.” அந்தத் தையல்கார அம்மா இப்படித்தான் கேட்டார். பையன் முதலில் கத்தினான். அன்றைக்கு ராத்திரி அவனே வந்து சொன்னான்.

வீட்டில் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. தூக்க மாத்திரைக்குப் பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். கிடைத்த அட்டையை ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள். மானம் போகுமே என்று டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அபின் வகை மருந்தை முறிக்கிற ஊசி இருக்கிறது, என்ன போட்டான் என்று தெரிந்தால் அதைத் தாமதமில்லாமல் கொடுக்க உதவியாக இருக்கும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரிய தடை. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்ற பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழுமையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வரும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் பிரிவு அது. சட்டமே அவரை நோயாளியாகப் பார்க்கிறது.

சென்னையில் கணவரைக் குடிப்பழக்கத்துக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் ஆரம்பித்த டி.டி.கே. மருத்துவமனை இந்தச் சிகிச்சைக்கு நம் நாட்டுக்கே முன்னோடி. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகர அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களும் தொடங்கியிருக்கிறார்கள். தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். பிள்ளையைப் பார்க்கவே விடமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போனான். நடுவில் ஒருமுறை சறுக்கினான். அம்மா தலையில் அடித்துக்கொள்ளாமல் மறுபடி அழைத்துப் போனார். சறுக்குவது இந்த நோயில் சகஜம் என்று டாக்டர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தது அவருக்குப் பெரிய துணையாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பை ஒரு வருஷம் தாமதமாக முடித்து, இப்போது ஐ.டி.ஐ.-யில் படிக்கிறான்.

மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. மனநல ஆலோசனைக்கு 14416, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆபத்து என்றால் 1098, தமிழ்நாட்டில் விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல 10581. வீட்டில் ஓர் அட்டை கிடைத்து, அது என்னவென்று தெரியவில்லை என்றால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்கு எடுத்து வாருங்கள். பையனின் பெயர்கூட வேண்டாம்; அது என்ன மாத்திரை, எதற்குக் கொடுப்பது என்று சொல்கிறோம். அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.